டோரன்ஸ் யாரைத்தான் ஜெயித்தார்?

வாசகர் கேள்வி, 12 ஆகஸ்ட் 2024

நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தின் பெண்கள் கால்பந்து கோச் ஆன்சன் டோரன்ஸ் நேற்று ஓய்வை அறிவித்துவிட்டார். சீசன் தொடங்க இன்னும் சில நாள்தான் இருக்கிறது. பார்க்கிற இடமெல்லாம் அவரைப் போல் ஒருவர் இல்லை என்று எழுதுகிறார்கள். 1992 ஃபைனலில் அவருடைய அணி டூக் பல்கலைக்கழகத்தை 9-1 என்று அடித்திருக்கிறது. ஃபைனலே 9-1 என்றால் அது என்ன போட்டி? எதிரில் ஆளே இல்லாத காலத்தில் அள்ளிய கோப்பைகள்தானே இவை? அவர் யாரைத்தான் ஜெயித்தார்?

12 ஆகஸ்ட் 2024, இரவு

9-1 உண்மைதான். உங்கள் வாதத்துக்கு உதவும்படி இன்னும் கொஞ்சம் நானே தருகிறேன். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ, பெண்கள் கால்பந்துக்கு முதன்முதலில் போட்டி நடத்தியது 1982இல். மொத்தம் 12 அணிகள். இன்றைக்கு 64. அந்த 1982 முதல் 1994 வரை 13 வருஷம், 12 கோப்பை நார்த் கரோலினாவுக்கு. நடுவில் விட்டது 1985 மட்டும், ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்திடம் 2-0. அதற்கப்புறம் 1995 முதல் 2023 வரை 29 சீசனில் 9 கோப்பை. கடைசியாக வாங்கியது 2012இல். எதிரணிகள் பெருகப் பெருக இவர்களுடைய கோப்பை குறைந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் அந்த ஒன்பதைக் கொஞ்சம் பாருங்கள். அதே 29 சீசனில் ஃப்ளோரிடா ஸ்டேட் வாங்கியது 4, நோட்ர டாம் 3, ஸ்டான்ஃபோர்ட் 3. பழைய பன்னிரண்டையும் மொத்தமாகத் தள்ளிவிட்டாலும் இவர்தான் முன்னால் நிற்கிறார். 2018, 2019, 2022 மூன்று வருஷமும் ஃபைனல் வரை வந்து தோற்றார்கள், அவருக்கு அப்போது அறுபதைத் தாண்டி எழுபது. 2022 ஃபைனல், நார்த் கரோலினாவில் நாங்கள் இருக்கும் ஊரான கேரியில்தான் நடந்தது. 2-0 என்று முன்னால் இருந்தவர்கள், ஆட்டம் முடிய 16 வினாடி இருக்கும்போது யுசிஎல்ஏவிடம் இரண்டாவது கோலை வாங்கி, கூடுதல் நேரத்தில் 3-2 என்று தோற்றார்கள். ஆளில்லாத மைதானத்தில் மட்டும் ஜெயிக்கத் தெரிந்தவர் நாற்பது வருஷம் கழித்து அந்த இடத்துக்கு வந்திருக்க முடியாது.

13 ஆகஸ்ட் 2024

நேற்று அவசரமாக எழுதியதில் முக்கியமானதை விட்டுவிட்டேன். 1982இல் எதிரில் ஆள் இல்லை என்பது எல்லாக் கல்லூரிக்கும் பொருந்தும். பணமும் பெயரும் உள்ள கல்லூரிகள் எத்தனையோ இருந்தன. அவர்கள் ஏன் அணி வைக்கவில்லை?

நார்த் கரோலினா பல்கலைக்கழகம் இருக்கும் ஊரான சேப்பல் ஹில்லில் நடந்தது இதுதான். டோரன்ஸ் அந்தக் கல்லூரியில் ஆடியவர். பக்கத்து ஊரில் சட்டம் படித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய பழைய கோச் மார்வின் ஆலன் ஓய்வு பெற, ஆண்கள் அணி இவர் கைக்கு வந்தது. அது 1977. அந்தச் சமயம் மாணவிகள் சிலர் சொந்தமாக ஒரு கிளப் வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். எங்களையும் பல்கலைக்கழக அணியாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று விளையாட்டு இயக்குநர் பில் கோபியிடம் மனு கொடுத்தார்கள். அவர் டோரன்ஸையும் கூட்டிக்கொண்டு போய் ஆட்டத்தைப் பார்த்தார், சரி என்று சொன்னார், இரண்டு அணியையும் நீயே பார்த்துக்கொள் என்றார். டோரன்ஸ் சட்டப் படிப்பை விட்டார். 1979இல் பெண்கள் அணி தொடங்கியது. ஆட எதிரணிகள் கிடைக்காமல் உயர்நிலைப்பள்ளி வயதுப் பெண்களின் கிளப் அணிகளோடுகூட ஆடினார்கள். தேசியப் போட்டி என்று ஒன்றே இல்லாததால், அன்றைக்குப் பெண்கள் கல்லூரி விளையாட்டை நடத்திய அமைப்பிடம் கேட்டு, 1981இல் ஒரு போட்டியை நடத்தவைத்து, சேப்பல் ஹில்லிலேயே அதை ஜெயித்தார்கள். 21 என்றும் 22 என்றும் இரண்டு எண்ணிக்கை வருவது இதனால்தான். டோரன்ஸ் வாங்கிய என்சிஏஏ கோப்பை 21, அந்த 1981ஐச் சேர்த்தால் 22.

மற்ற கல்லூரிகள் பின்னால் வந்ததற்குக் காரணம் சட்டம். 1972இல் வந்த டைட்டில் நைன், அரசுப் பணம் வாங்கும் கல்லூரிகள் பெண்களுக்கும் சமமான வாய்ப்பு தரவேண்டும் என்றது. அமெரிக்கன் ஃபுட்பால் அணி ஒன்றுக்கே 85 உதவித்தொகை ஆண்கள் பக்கம் போய்விட்டது. அந்தக் கணக்கைச் சரிக்கட்ட, நிறையப் பேர் ஆடக்கூடிய, செலவு குறைவான ஒரு பெண்கள் விளையாட்டு தேவைப்பட்டது. கால்பந்து கச்சிதமாகப் பொருந்தியது. அதனால்தான் 2025 வரை என்சிஏஏ கணக்கில் பெண்கள் கால்பந்துக்கு 14 உதவித்தொகை, ஆண்களுக்கு 9.9 என்று இருந்தது. இன்றைக்கு முதல் டிவிஷனில் மட்டும் 300க்கு மேல் பெண்கள் அணிகள். அவர்கள் எல்லோரும் வரும்போது ஜெயிக்கவேண்டிய அணி எது என்பது ஏற்கெனவே தெரிந்திருந்தது.

13 ஆகஸ்ட் 2024, பிற்பகல்

ஒருவர் கேட்டிருக்கிறார், டோரன்ஸ் பம்பாயில் பிறந்தவராமே, இந்தியரா என்று. பிறந்தது பம்பாயில்தான், 1951இல். பெற்றோர் அமெரிக்கர்கள். அப்பா எண்ணெய்க் கம்பெனி அதிகாரி, அதனால் கென்யா, எத்தியோப்பியா, சிங்கப்பூர், பெல்ஜியம், சுவிட்சர்லாந்து என்று பிள்ளைப் பருவம் முழுக்க ஊர் ஊராகப் போயிற்று. அந்தக் காலத்து அமெரிக்கப் பையன்கள் பேஸ்பாலும் பாஸ்கெட்பாலும் ஆடி வளர்ந்தபோது இவர் காலால் பந்தை உதைத்து வளர்ந்ததற்கு அந்த அலைச்சல்தான் காரணம். பம்பாய்க்கு அதற்கு மேல் இந்தக் கதையில் வேலை இல்லை.

17 ஆகஸ்ட் 2024

இப்போது அவருடைய பயிற்சி முறைக்கு வருகிறேன். எனக்கு இதில் சொந்தமாகச் சொல்ல நிறைய இருக்கிறது.

நார்த் கரோலினா பாஸ்கெட்பால் கோச் டீன் ஸ்மித்தின் பயிற்சியை டோரன்ஸ் ஓரமாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அங்கே பயிற்சியில் நடக்கும் ஒவ்வொன்றையும் ஒருவர் குறித்துக்கொண்டிருப்பார். இவர் அதைக் கால்பந்துக்குக் கொண்டுவந்தார். ஒருவருக்கு ஒருவர் மோதுவது, ஓட்டம், தலையால் முட்டுவது, கோலடிப்பது, சின்னச் சின்ன அணிகளாகப் பிரிந்து ஆடுவது, எதுவானாலும் யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்று பதிவாகும். சீசன் முழுக்கக் கூட்டி, முதலிடத்திலிருந்து கடைசி இடம் வரை வரிசைப்படுத்தி எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவிடுவார்கள். கொதிகலன் என்று அதற்குப் பேர். பின்னால் அமெரிக்க அணியின் நட்சத்திரங்களான மியா ஹாமும் கிறிஸ்டீன் லில்லியும் 1989இல் சேர்ந்தது அந்தப் பட்டியலுக்குள்தான். கார்லா ஓவர்பெக் அதற்கு முன்பே அங்கே இருந்தார். கல்லூரியில் அவர் ஆடிய நாலு வருஷத்தில் அணி 89 வெற்றி, 6 டிரா, தோல்வியே இல்லை. பயிற்சியில் பக்கத்தில் நின்றவர்களே நாட்டின் மிகச் சிறந்தவர்களாக இருந்ததால், சனி ஞாயிறு மேட்சைவிட செவ்வாய்க்கிழமைப் பயிற்சி கடினமாக இருந்தது என்று பழைய மாணவிகள் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

நான் கோவில்பட்டிப் பக்கம் ஹாக்கி ஆடி வளர்ந்தவள். கல்லூரி அணியில் யாரை எடுப்பது, யாரை விடுவது என்பது எங்கள் கோச் மனசுக்குள் மட்டும் இருக்கும். ஒரு வருஷம் முழுக்கப் பயிற்சிக்கு வந்தவளை மண்டலப் போட்டிக்குப் போகிற அன்றைக்குப் பஸ்ஸில் ஏறவேண்டாம் என்று சொல்லிவிட்டார். காரணம் கேட்கக்கூடத் தைரியம் கிடையாது எங்களுக்கு. அவளுடைய அப்பா யாரோடோ சண்டை போட்டார் என்று அப்புறம் பேசிக்கொண்டார்கள், உண்மை இன்றுவரை தெரியாது. அப்படி வளர்ந்த எனக்கு டோரன்ஸின் பட்டியலைப் பற்றிப் படித்தபோது முதலில் வந்தது பொறாமை. நீ பதினேழாவது இடத்தில் இருக்கிறாய், ஓட்டத்தில் பின்தங்குகிறாய், இதோ கணக்கு. ஒரு பெண்ணிடம் இப்படி நேராகச் சொல்வது எவ்வளவு பெரிய மரியாதை. கோச்சுக்கு உன்னைப் பிடிக்குமா பிடிக்காதா என்ற பேச்சுக்கே அங்கே வழி குறைவு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஜெயிக்க ஆசைப்படுகிற பெண்ணை அன்றைக்கு அமெரிக்காவிலும் ஒரு மாதிரிதான் பார்த்தார்கள். தோழியைத் தோற்கடித்துவிட்டு அதற்காக வருத்தப்படவேண்டும் என்றுதான் பெண் குழந்தைகளுக்குச் சொல்லி வளர்த்தார்கள். ஏப்ரல் ஹைன்ரிக்ஸ் 1983இல் சேர்ந்தபோது பயிற்சியில் யாரையும் விட்டுவைக்கமாட்டார் என்று சக மாணவிகள் கோச்சிடமே முறையிட்டார்கள். ஹைன்ரிக்ஸ் தன் வேகத்தைக் குறைக்கவேண்டும் என்று டோரன்ஸ் சொல்லவில்லை. மற்றவர்களை ஹைன்ரிக்ஸ் அளவுக்கு ஏற்றப் பார்த்தார். பின்னால் அந்த ஹைன்ரிக்ஸ்தான் 1991 உலகக்கோப்பையில் கேப்டன், 2004 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய அமெரிக்க அணிக்குக் கோச்.

19 ஆகஸ்ட் 2024

முந்தைய குறிப்பைப் படித்துவிட்டுத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு பி.டி. ஆசிரியை எழுதியிருக்கிறார். பட்டியல் ஒட்டினால் கடைசி இடத்துப் பிள்ளை மறுநாள் வராது அக்கா, எங்களுக்கு இருப்பதே பதினைந்து பிள்ளைகள் என்கிறார்.

அவர் சொல்வதை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். இங்கே என் மகள் ஆடும் கிளப்பில் பதினோரு வயதுப் பெண்களுக்கு இதே மாதிரி பட்டியல் போட்டு, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அனுப்புகிறார்கள். டோரன்ஸ் முறை என்று பெருமையாகச் சொல்கிறார்கள். ஒரு சனிக்கிழமை மதியம் அரை மணி நேரம் பார்த்து எண் போடுகிறார்கள், சீசன் முழுக்கக் குறித்துவைக்க யாரும் இல்லை. பட்டியலில் கீழே இருந்த பெண்ணின் அம்மா எனக்குத் தெரிந்தவர், அந்த வாரத்தோடு குழுவை விட்டு வெளியேறினார், பெண்ணும் நின்றுவிட்டாள்.

டோரன்ஸிடம் வந்தவர்கள் 18 வயதுக்கு மேற்பட்டவர்கள், நாடு முழுக்கத் தேடி எடுக்கப்பட்டவர்கள், கடைசி இடத்தில் இருந்தாலும் படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் வழி உள்ளவர்கள். அங்கே பட்டியல் ஒரு தகவல். பதினைந்து பிள்ளைகளே உள்ள பள்ளியில் அது வெளியேற்றும் உத்தரவு. கோவில்பட்டி நினைவில் நான் பட்டியலை நியாயத்தின் பக்கம் மட்டுமே வைத்துப் பேசினேன், ஆசிரியை சொன்ன பிறகு எனக்கு அது போதவில்லை. பிள்ளையிடம் அவளுடைய எண்ணை மட்டும் தனியாகச் சொல்லலாம், போன மாதத்தைவிட ஏறியதா என்று பார்க்கலாம். மற்றவர்கள் கண்ணில் படவேண்டிய அவசியம் அந்த வயதில் இல்லை.

20 ஆகஸ்ட் 2024

பெண்களுக்கு ஒரு மாதிரி, ஆண்களுக்கு ஒரு மாதிரி கோச் செய்யவேண்டும் என்று டோரன்ஸ் சொன்னதைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். 1979 முதல் 1988 வரை இரண்டு அணியையும் ஒரே சமயம் நடத்தியவர், ஒப்பிடும் தகுதி அவருக்கு உண்டு. ஆண்களிடம் தப்பை எல்லோர் முன்னாலும் சொல்லலாம், பெண்கள் சொல்லைவிடச் சொல்லும் தொனியைத்தான் கேட்பார்கள் என்பது அவர் பல பேட்டிகளில் சொன்னது. எனக்கு இது பாதிதான் சரி. என் மகளுக்கு முகத்துக்கு நேராகச் சொன்னால்தான் பிடிக்கும், என் அண்ணன் மகன் தொனி மாறினாலே சுருங்கிவிடுவான்.

1 செப்டம்பர் 2024

1991ஐப் பற்றி இன்னும் எழுதவில்லையே என்று நினைவுபடுத்தியவருக்கு நன்றி. கல்லூரி கோச்சை ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இதுதான் நேரடியான பதில்.

1986இல் அமெரிக்கப் பெண்கள் தேசிய அணி டோரன்ஸிடம் வந்தது. கல்லூரி வேலையை விடாமலே இதையும் பார்த்தார், 1994 வரை. டெக்சாஸில் 14 வயதுப் பெண் ஒருத்தியைப் பார்த்து, 15 வயதில் அவளைத் தேசிய அணியில் இறக்கினார். அவள் மியா ஹாம். 1991 நவம்பரில் சீனாவில் பெண்களுக்கான முதல் உலகக்கோப்பை. அப்போது மேட்ச் 80 நிமிடம்தான், பெண்களால் 90 தாங்காது என்று முடிவு செய்திருந்தார்கள். அமெரிக்கப் பெண்களுக்கு நாளுக்கு 10 டாலர் பேட்டா. டோரன்ஸ் 3-4-3 ஆடவிட்டார், அதாவது பின்னால் மூன்று பேர், நடுவில் நாலு, முன்னால் மூன்று. ஹைன்ரிக்ஸ், மிஷேல் ஏக்கர்ஸ், கேரின் ஜென்னிங்ஸ் மூவரும் முன்னால், எதிரணியின் பாதியிலேயே பந்தைப் பிடுங்குவதுதான் திட்டம். கால் இறுதியில் சீன தைபேயை 7-0, அதில் ஏக்கர்ஸ் மட்டும் 5 கோல். செமி ஃபைனலில் ஜெர்மனியை 5-2, ஜென்னிங்ஸ் ஹாட்ரிக். ஃபைனலில் குவாங்சோவில் நார்வேயை 2-1, இரண்டும் ஏக்கர்ஸ். ஆறு மேட்ச், 25 கோல்.

18 பேர் கொண்ட அந்த அணியில் 9 பேர் நார்த் கரோலினா மாணவிகள். தன் பிள்ளைகளையே எடுத்துக்கொண்டார் என்று அப்போதும் முணுமுணுத்தார்கள். ஆனால் ஏக்கர்ஸும் ஜென்னிங்ஸும் வேறு கல்லூரிகள், அவர்களைத்தான் முன்வரிசையில் வைத்தார். கோல்கீப்பர்களைப் பார்த்துக்கொள்ள டோனி டிசிக்கோவை வைத்திருந்தார், 1994இல் அவரிடமே அணி போனது, 1999 உலகக்கோப்பையும் வந்தது. அந்த 1999 ஃபைனலில் கோட்டில் நின்று தலையால் பந்தைத் தள்ளி அமெரிக்காவைக் காப்பாற்றியது லில்லி, கேப்டன் ஓவர்பெக். இருவரும் கொதிகலனில் வளர்ந்தவர்கள்.

8 செப்டம்பர் 2024

வழக்கைப் பற்றி ஏன் பேசவில்லை என்று இரண்டு பேர் கேட்டார்கள். கேட்கவேண்டிய கேள்வி. எழுதத்தான் நாள் பிடித்தது.

1998இல் முன்னாள் மாணவிகள் இருவர் டோரன்ஸ் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குப் போட்டார்கள். மாணவிகளின் அந்தரங்க வாழ்க்கையைப் பற்றி கோச் கேள்வி கேட்டார், பாலியல் பேச்சுப் பேசினார், அது அணியின் சூழலையே கெடுத்தது என்பது குற்றச்சாட்டு. கிண்டல் பேச்சுகளில் கலந்துகொண்டதை அவர் ஒத்துக்கொண்டார், துன்புறுத்தல் என்பதை மறுத்தார். 2004இல் ஒருவரோடு 70,000 டாலருக்குச் சமரசம். இன்னொருவருடைய வழக்கைக் கீழ்க் கோர்ட் விசாரணைக்குப் போகாமலே தள்ளியது. 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு அதை மாற்றி, விசாரிக்கப்படவேண்டிய வழக்குதான் என்றது. 2008 ஜனவரியில் 3,85,000 டாலருக்குச் சமரசம், டோரன்ஸ் எழுத்தில் மன்னிப்புக் கேட்டார். பத்து வருஷம் ஓடிய வழக்கு. அந்தப் பத்து வருஷத்தில் அணி கோப்பை வாங்கிக்கொண்டேதான் இருந்தது. பிறகு 2019இல் புதிய மைதானத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

அவருடைய ஆதரவாளர்கள் சொல்வது எனக்குத் தெரியும். நூற்றுக்கணக்கான மாணவிகள் அவரை அப்பா மாதிரி என்கிறார்கள், பட்டம் முடித்துப் போகிறவர்களுக்குக் கைப்பட கடிதம் எழுதுவார், கல்யாணத்துக்குப் போவார், பிள்ளை பிறந்தால் பார்ப்பார். அவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். வழக்குப் போட்டவர்கள் சொன்னதையும் நான் தள்ளவில்லை. இரண்டும் ஒரே அறையில் நடந்திருக்க முடியும் என்பதுதான் என்னை உறுத்துகிறது. மாணவியின் வாழ்க்கைக்குள் தாராளமாக நுழையலாம் என்று அவர் நினைத்தார். சிலருக்கு அந்த நுழைவு வீடு மாதிரி இருந்தது, சிலருக்கு மூச்சு முட்டியது. யாருக்கு எப்படி இருந்தது என்று கண்டுபிடிக்க அங்கே வழியே இல்லை. எதிரில் இருப்பவர் யாரை ஆடவிடுவது, யாருக்கு உதவித்தொகை என்று முடிவு செய்கிற ஆள். எத்தனை ஓட்டம், எத்தனை மோதல் என்று எல்லாவற்றையும் எண்ணி எழுதிய இடத்தில் இதை எண்ண ஒரு நோட்டு இல்லை.

9 செப்டம்பர் 2024

"சமரசம் என்றால் குற்றம் நிரூபணமாகவில்லை என்றுதான் அர்த்தம்" என்று பதில் வந்திருக்கிறது. சட்டப்படி சரி. நானும் குற்றவாளி என்று எழுதவில்லை. ஆனால் மன்னிப்புக் கடிதம் அவருடையது, பேச்சுகளில் கலந்துகொண்டதை ஒத்துக்கொண்டதும் அவரே. அந்த அளவே போதும் நான் பேசுவதற்கு.

6 அக்டோபர் 2024

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன், திரும்பி வந்துவிடுவேன்.

1995 செமி ஃபைனல், சேப்பல் ஹில்லிலேயே, நோட்ர டாமுக்கு எதிராக. தொடர்ந்து ஒன்பது வருஷம் கோப்பை வாங்கிய அணி. முந்தைய வருஷம்தான் இதே நோட்ர டாம் 0-0 டிரா செய்து இவர்களுடைய 92 மேட்ச் தொடர் வெற்றியை நிறுத்தியிருந்தது. இந்த முறை நார்த் கரோலினாவின் முதல் வருஷ மாணவி ஒருத்தியின் தலையில் பட்டு பந்து சொந்த வலைக்குள் போனது. சேம்சைடு கோல், 1-0, எல்லாம் முடிந்தது. அந்த மாணவி சிண்டி பார்லோ, பின்னால் பார்லோ கோன். அப்புறம் அவரே இரண்டு கோப்பை வாங்கினார், 1999 உலகக்கோப்பை அணியில் ஆடினார், டோரன்ஸுக்கு உதவி கோச்சாகவும் இருந்தார். 2020இல் அமெரிக்கக் கால்பந்துச் சங்கத்தின் தலைவரானார், அந்தப் பதவியில் முதல் பெண். ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமசம்பளம் என்ற 2022 ஒப்பந்தம் அவர் காலத்தில் நடந்தது.

எங்கள் கேரியில் ஆடும் தொழில்முறைப் பெண்கள் அணியின் கோச் 2021 செப்டம்பரில் முன்னாள் வீராங்கனைகளின் பாலியல் புகாரால் நீக்கப்பட்டார். லீக் முழுக்கப் புகார்கள் கிளம்பின. அப்போது சுதந்திரமான விசாரணைக்கு ஏற்பாடு செய்தது பார்லோ கோன் தலைமையில் இருந்த அதே சங்கம். 2022 அக்டோபரில் வந்த அறிக்கை, கோச்சின் வாய்மொழி வதையும் எல்லை மீறலும் சிறுமிகள் ஆடும் கிளப்புகளிலிருந்தே பழக்கமாக வருகிறது என்று சொன்னது. அதைப் படித்த வாரம்தான் என் மகளின் கிளப்பில், கோச் தனியாகக் குழந்தைக்குச் செய்தி அனுப்பக்கூடாது, பெற்றோரில் ஒருவரையும் சேர்க்கவேண்டும் என்ற விதி வந்தது.

இதைத்தான் சொல்ல வந்தேன். டோரன்ஸ் கையில் வளர்ந்த ஒருவர்தான் கோச்சுகளைக் கேள்வி கேட்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தார். யாரையும் தயங்காமல் எதிர்த்து நிற்கும் குணத்தை அவர்களுக்கு ஊட்டியவர்களில் டோரன்ஸும் ஒருவர். அந்தக் குணம் ஒருநாள் கோச்சுகள் பக்கமே திரும்பும் என்று அவர் எதிர்பார்த்தாரோ இல்லையோ, திரும்பியது.

10 டிசம்பர் 2024

நேற்று இரவு ஃபைனல், கேரியில். மகளோடு போயிருந்தேன், நல்ல கூட்டம். நார்த் கரோலினா 1, வேக் ஃபாரஸ்ட் 0. ஒலிவியா தாமஸ் அடித்த கோல். ஆகஸ்டில் அவசரமாக அணியை ஏற்ற இடைக்கால கோச் டேமன் நஹாஸ் முதல் சீசனிலேயே கோப்பை வாங்கிவிட்டார். 2012க்கு அப்புறம் முதல் கோப்பை, டோரன்ஸ் இல்லாமல் வாங்கிய முதல் கோப்பையும் இதுதான்.

செமி ஃபைனலில் டூக்கை 3-0 என்று வென்றிருந்தார்கள். செமிக்கு வந்த நாலில் மூன்று அணிகள், டூக், வேக் ஃபாரஸ்ட், நார்த் கரோலினா, எல்லாம் இந்த மாநிலத்தவை, ஒன்றுக்கொன்று இரண்டு மணி நேரத் தூரத்துக்குள். 9-1 பற்றிக் கேட்டவருக்கு இதைத்தான் காட்ட ஆசை. அன்றைக்கு ஒன்பது கோல் வாங்கிய டூக் இன்றைக்குத் தேசிய அரையிறுதியில் நிற்கிறது.

11 டிசம்பர் 2024

"அப்படியென்றால் கடைசிப் பத்து வருஷம் அவர்தான் தடையாக இருந்தார், போனதும் கோப்பை வந்தது" என்கிறார் ஒருவர். அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது. போன ஜனவரியில் நடந்த டிராஃப்டில், அதாவது தொழில்முறை அணிகள் கல்லூரி வீராங்கனைகளை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதல் இரண்டு இடமும் நார்த் கரோலினா மாணவிகளுக்குத்தான், ஆலி சென்ட்னர், சவானா கிங். படிப்பு முடியும் முன்பே போனார்கள். இன்னும் பலர் வேறு கல்லூரிகளுக்கு மாறினார்கள், இப்போது அது மிகச் சுலபம். நாலு வருஷம் கையில் வைத்து, கடைசி இடத்திலிருந்து முதலிடம் வரை ஏற்றுவது என்ற அவருடைய முறைக்கு நாலு வருஷம் தேவை. அது இப்போது யாருக்கும் கிடைப்பதில்லை. நஹாஸ் பல வருஷம் அவரிடமே உதவியாளராக இருந்தவர், ஃபைனலில் ஆடியவர்களில் பலரைக் கூட்டி வந்ததும் டோரன்ஸ் காலத்தில்தான்.

4 ஜனவரி 2025

இங்கிலாந்துக்காரர்களை மறந்துவிட்டீர்களே என்று லண்டனிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். மறக்கவில்லை தம்பி. லூசி ப்ரான்ஸ் (Bronze) 2009இல் சேப்பல் ஹில்லில் ஒரு சீசன் ஆடிக் கோப்பை வாங்கினார். அலெசியா ரூசோ, லாட்டி வுபன்-மாய் இருவரும் அங்கேதான் படித்தார்கள். 2022இல் ஐரோப்பியக் கோப்பை வாங்கிய இங்கிலாந்து அணியில் மூவரும் உண்டு. இங்கிலாந்தில் பெண்களுக்கு முழுநேரப் பயிற்சி கிடைக்காத காலத்தில் அமெரிக்கக் கல்லூரிதான் அந்த இடத்தை நிரப்பியது. இன்றைக்கு 17 வயதுப் பெண் அர்செனல், செல்சி என்று நேராகப் போகலாம்.

9 ஜனவரி 2025

முதல் கேள்வி கேட்டவரே மறுபடி வந்திருக்கிறார். யாரை ஜெயித்தார் என்பதற்குப் பதில் கிடைத்தது, இப்போது வேறு கேள்வி என்கிறார். "உங்கள் மகளை அவரிடம் அனுப்பியிருப்பீர்களா?"

மகளிடமே கேட்டேன். உடனே போவேன் என்றாள், மியா ஹாம் போன இடம் என்றாள். எனக்கு அவ்வளவு வேகமாகச் சொல்ல வரவில்லை. 2008க்குப் பிந்தைய டோரன்ஸிடம், பல்கலைக்கழகம் தன் விதிகளைத் திருத்திய பிறகு, அனுப்பியிருப்பேன். பயிற்சிக்காக, அந்தப் பட்டியலுக்காகவும்தான், 18 வயதுக்கு மேல் அதைத் தாங்கும் பெண் அவள். 1996இல் கேட்டிருந்தாலும் அனுப்பித்தான் இருப்பேன், எல்லாப் பெற்றோரையும் போல, கோப்பைகளைப் பார்த்துவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல். இன்றைக்கு எந்தக் கோச்சிடம் அனுப்பினாலும் இரண்டு விஷயம் கேட்பேன். என் மகளோடு தனியாகப் பேசும்போது கதவு திறந்திருக்குமா? உங்களைப் பற்றி அவளுக்கு ஒரு புகார் இருந்தால், உங்களிடம் வராமல் யாரிடம் போகவேண்டும், அவருடைய ஃபோன் நம்பர் என்ன? போன வாரம் மகளுடைய கிளப்பில் இரண்டாவதைக் கேட்டேன். விசாரித்துச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள்.